குதிரையின்றிப் போரிட்ட குதிரைப்படை

கியூபாவின் விடுதலையை முன்னிட்டு 1898 ஏப்ரலில் ஸ்பெயினுடன் போரில் இறங்கிய அமெரிக்காவிடம் அப்போது ஏறத்தாழ 28,000 பேர் கொண்ட சிறிய நிலைப்படையே இருந்தமையால், போர்க்காலத்துக்கு மட்டும் தாமே முன்வந்து சேரும் தன்னார்வலர்களைக் கொண்டு புதிய படைகளைத் திரட்ட அந்நாட்டு நாடாளுமன்றம் இசைவளித்தது. அவ்வாறு உருவான மூன்று தன்னார்வக் குதிரைப்படை ரெஜிமென்டுகளுள் கியூபா சென்று போரிட்டது முதலாவது மட்டுமே. முரட்டுக் குதிரைகளை அடக்கி ஓட்டுவோர் என்னும் பொருளில் ‘ரஃப் ரைடர்ஸ்’ என்று பத்திரிகைகள் அதை அழைத்தன.

இராணுவ மருத்துவராயிருந்த லெனார்ட் வுட் அதற்குத் தலைமை ஏற்க, கடற்படைத் துறையின் துணைச் செயலர் பதவியைத் துறந்து வந்த தியடோர் ரூஸ்வெல்ட் அவருக்கு அடுத்த நிலையில் அமர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா பகுதிகளின் மாடு மேய்ப்போரும் சுரங்கத் தொழிலாளரும் அமெரிக்கப் பழங்குடியினரும், ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களில் பயின்ற செல்வந்தர் வீட்டு இளைஞரும் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் ஒன்றாகப் பயிற்சி பெற்றனர். ஆயினும் புளோரிடாவின் டாம்பா துறைமுகத்தில் போதிய கப்பல்கள் இல்லாததால், படையில் ஒரு பகுதியினரும் உயர் அதிகாரிகளின் சில குதிரைகள் தவிர ஏனைய குதிரைகள் அனைத்தும் அங்கேயே விடப்பட, எஞ்சியோர் காலாட்களாகவே கடல் கடந்தனர். ஜூன் 22 அன்று கியூபாவின் டைகிரியில் கரையிறங்கிய அவர்கள், இரண்டே நாளில் லாஸ் குவாசிமாஸ் புதர்க்காட்டில் முதற் சண்டையைச் சந்தித்தனர்.

படையின் புகழ் முழுவதும் ஜூலை 1 அன்று நடந்த ஒரு நாள் சண்டையைச் சார்ந்தது. சாந்தியாகோ நகருக்கு அரணாயிருந்த சான் ஹுவான் மேட்டில் அகழிகள் அமைத்திருந்த ஸ்பானிய வீரர்கள், புகையில்லா வெடிமருந்து கொண்ட மௌசர் துப்பாக்கிகளால் சுட்டபோது, குண்டு வரும் இடம் புலப்படாமலேயே அமெரிக்கர் பலர் வீழ்ந்தனர். வுட் பிரிகேடு தலைமைக்கு உயர்ந்திருந்ததால் ரெஜிமென்டை நடத்திய ரூஸ்வெல்ட், கம்பிவேலி மறிக்கும் வரை குதிரைமீது சென்று பின்னர் நடந்தே ஏற, அவரது வீரர்கள் முதலில் கைப்பற்றியது மேட்டுக்கு முன்னுள்ள கெட்டில் குன்றையே. சான் ஹுவான் குன்றை முதன்மையாகக் கைப்பற்றியவர்கள் காலாட்படையினர். விரைவாகச் சுடும் கேட்லிங் துப்பாக்கிகள் அவர்களுக்குப் பெருந்துணை புரிந்தன. வாளுயர்த்திக் குதிரைகளில் பாயும் வீரர்களைக் காட்டும் ஓவியங்கள் உண்மைக்குப் புறம்பானவை.

அதைவிடப் பெரிய அநீதி ஒன்றுண்டு. கெட்டில் குன்றில் ரஃப் ரைடர்ஸ் வீரர்களுடன் தோளோடு தோள் நின்று ஏறியவர்கள், கறுப்பின வீரர்களைக் கொண்ட 9, 10ஆம் நிலைக் குதிரைப்படையினர். பத்தாம் படையின் சார்ஜென்ட் ஜார்ஜ் பெர்ரி, தம் படையின் கொடியோடு மூன்றாம் குதிரைப்படையின் கொடியையும் சுமந்து மேலேறினார். அவ்வாறிருந்தும், கறுப்பின வீரர் சிலர் பின்னோக்கி நகர்ந்ததாகவும் தாம் கைத்துப்பாக்கியை உருவித் தடுத்ததாகவும் ரூஸ்வெல்ட் 1899இல் எழுதினார். காயமுற்றோரைக் கொண்டுசெல்லவும் உணவும் கருவிகளும் எடுத்துவரவும் ஆணை பெற்றே அவர்கள் சென்றனர் என்று, பத்தாம் படையின் பிரெஸ்லி ஹாலிடே அதே ஆண்டு நியூயார்க் ஏஜ் இதழில் மறுப்பு வெளியிட்டார். அம்மறுப்பு எட்டியது சிலரையே. ரூஸ்வெல்ட்டின் நூலோ நாடெங்கும் பரவியது.

ஜூலை 17 அன்று சாந்தியாகோ சரணடைந்தபின் மலேரியா படையை வாட்டியது. அந்தப் போரில் சண்டையில் மாண்ட அமெரிக்கர் 400க்கும் குறைவானோர் என்றால், நோயால் இறந்தோர் 2,000க்கும் மேற்பட்டோர். செப்டம்பரில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் அந்த ஆண்டே நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1901இல் குடியரசுத் தலைவரானார். அந்தப் புகழுக்குப் படிக்கட்டாயிருந்த வெற்றி ஒரு ரெஜிமென்டுக்கோ ஒரு மனிதருக்கோ மட்டும் உரியதன்று. 9, 10ஆம் படைகளின் பெயர் இல்லாமல் கெட்டில் குன்றின் வரலாற்றை எழுதுவது பிழையான வரலாறே ஆகும்.