குடிபுகுந்தவர்கள் – 9: ஒரு வீட்டுச் சோறு

1973-இல் காங்கோ ஆற்றின் இரண்டு கரைகளிலும், கின்ஷாசா பக்கமும் பிரசாவில் பக்கமும், மரவள்ளிக் கொல்லைகளில் கொழுந்து குட்டையாகிப் பின்னிக்கொள்ளத் தொடங்கியது. கணுக்கள் நெருங்கின, இலை சுருண்டது, நுனி முழுக்க வெள்ளை மாவு அப்பியது. மாவுப்பூச்சி என்று தெரிந்தது. ஆனால் அந்த இனத்தை அதற்கு முன் ஆப்பிரிக்காவில் எவரும் பார்த்ததில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1977-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அதற்குள் அது மேற்கே செனகல் வரை போய்விட்டது. பிறகு கிழக்கே மலாவியைத் தொட்டது.

அந்த நாடுகளில் சுமார் 20 கோடிப் பேருக்கு மரவள்ளிதான் சோறு. கிழங்கு சோறு என்றால் இலை கீரை. பூச்சி இரண்டையும் பறித்தது. கடுமையாகத் தாக்கிய இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை போயிற்று. மரவள்ளியை விதை போட்டா வளர்க்கிறோம்? குச்சியை நறுக்கித்தான் நடுகிறோம். அந்தக் குச்சியும் காய்ந்துபோனதால் அடுத்த பட்டத்துக்கு நடவும் எதுவும் மிஞ்சவில்லை.

மரவள்ளி ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் நட்டது. செடி மட்டும் கடல் கடந்தது. அதை உறிஞ்சும் பூச்சி ஊரிலேயே தங்கிவிட்டது, பூச்சியைத் தின்னும் எதிரியும் அங்கேயே தங்கிவிட்டது. நானூறு ஆண்டுகள் நிம்மதியாக விளைந்த பிறகு பூச்சி எப்படியோ வந்து சேர்ந்தது, எதிரியை அங்கேயே விட்டுவிட்டு. இந்த இனத்தில் எல்லாமே பெண்தான், ஆணின் தேவையே கிடையாது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு குச்சியில் ஒரே ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், கண்டம் முழுவதற்கும் அதுவே ஆதித்தாய்.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1979-இல் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டுக்குள். மருந்தடித்து இதை வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மாவுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. விட்டாலும் அரை ஏக்கர் மரவள்ளி வைத்திருப்பவர் மருந்துக்கு எங்கே போவார்? பூச்சியின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்து, அங்கே அதை அடக்கிவைத்திருக்கும் ஆளைக் கூட்டிவருவதுதான் வழி.

தேடல் முதலில் தடம் மாறிப்போன கதை எனக்குப் பிடித்தமானது. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் மரவள்ளிமேல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அச்சு அசலாக அதேதான். அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிடித்து ஆப்பிரிக்கப் பூச்சியின் முன்னால் விட்டார்கள். குளவிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகுதான் உற்றுப் பார்த்தார்கள்: கிடைத்த பூச்சி மஞ்சள் நிறம், அதில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்காவை அழித்துக்கொண்டிருந்தது இளஞ்சிவப்பு, அதில் ஆணே இல்லை. நுண்ணோக்கி வைத்திருந்த நிபுணர்கள் ஒன்றென்று நினைத்த இரண்டைக் குளவி வேறு வேறு என்று சொல்லிவிட்டது. 1981-இல் டோனி பெலோட்டி என்ற பூச்சியியலாளர் பராகுவேயில் சரியான பூச்சியைக் கண்டார். அதன்மேல் வாழ்ந்த குளவி லண்டனில் தனிமைக் காவலில் சோதிக்கப்பட்டு, இபாதான் வந்து, அந்த ஆண்டின் கடைசியிலேயே வயலில் விடப்பட்டது. பெயர் அனகைரஸ் லோபெசி. நீளம் இரண்டு மில்லிமீட்டருக்குள். குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்பட வேண்டாம், மனிதத் தோலைத் துளைக்கும் கொடுக்கு இதற்குக் கிடையாது.

இதன் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பூச்சி உறிஞ்சத் தொடங்கியதும் மரவள்ளிச் செடி ஒரு வாசனையை விடுகிறது. குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குகிறது. பூச்சியின்மேல் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கிறது, அளவெடுக்கத்தான். பொடிக்குஞ்சு என்றால் குத்தி, கசியும் உடல்நீரைக் குடித்துவிட்டுப் போகும். நடுத்தரம் என்றால் உள்ளே ஒரு முட்டை, அது பெரும்பாலும் ஆணாகப் பிறக்கும். நன்கு வளர்ந்த பூச்சி என்றால் பெண்ணாகப் பிறக்கும் முட்டை. பெண்ணுக்குத்தான் பெரிய உடம்பு வேண்டும், பெரிய உடம்புக்கு நிறையச் சாப்பாடு வேண்டும். முட்டையிடும் நொடியில் கருவுறச் செய்வதா வேண்டாமா என்று தாய்க் குளவியால் முடிவெடுக்க முடிவதால் இந்தக் கணக்கு சாத்தியமாகிறது. உள்ளே பொரிந்த புழு பூச்சியை உயிரோடு தின்று வளரும். பூச்சி பழுப்பேறி, விறைத்து, கூடாகிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் கூட்டில் ஒரு வட்டத் துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

வளர்த்த குளவிகளை விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் மரவள்ளி விளையும் ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவற்றில் குளவி நிலைகொண்டது. பூச்சி ஒழியவில்லை, இன்றும் அங்கே இருக்கிறது, கவலைப்படும் அளவுக்கு இல்லை, அவ்வளவே. பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், அது கூடினால் இதுவும் கூடும். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

இதை ‘நன்மை செய்யும் பூச்சி’ என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் பட்டத்தில் எனக்குச் சம்மதமில்லை. குளவிக்கு விவசாயி யாரென்றே தெரியாது. அது ஒரு வீட்டுச் சோறு மட்டும் தின்னும் பிராணி. அடுத்த வீட்டில் விருந்தே நடந்தாலும் வாசற்படி மிதிக்காது. அந்த வீம்பு இருப்பதால்தான் அதை நம்பிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோக முடிகிறது.

வீம்பு இல்லாத ஒட்டுண்ணியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது. காடுகளை மொட்டையடித்த ஜிப்சி அந்துப்பூச்சியை ஒடுக்க 1906-இல் ஐரோப்பாவிலிருந்து காம்ப்சிலூரா என்ற ஈயை வரவழைத்தார்கள். புழுக்களுக்குள் குஞ்சு வைக்கும் ஈ அது. ஜிப்சியின் புழு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், ஈயோ ஆண்டுக்குப் பல தலைமுறை பெருகும். மீதி மாதங்களுக்குச் சோறு? கண்ட புழுவையெல்லாம் தின்றது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அதற்கு இரை. உள்ளங்கையைவிடப் பெரிய, அழகான காட்டுப் பட்டு அந்துகள் வடகிழக்கு மாநிலங்களில் அருகிப்போனதில் இந்த ஈக்குப் பெரிய பங்கு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் 1986 வரை அதை விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மனித உடம்புக்கும் இதே விதிதான், பலன் மட்டும் தலைகீழ். மனிதனை மட்டும் நம்பி வாழும் ஒட்டுண்ணியை ஒழிக்க முடியும். மனிதன் கதவடைத்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. நரம்புச் சிலந்தி அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். குடிதண்ணீரிலுள்ள சைக்ளோப்ஸ் என்ற பொடி நீர்ப்பூச்சியோடு வயிற்றுக்குள் போகும் புழு, ஓராண்டு கழித்து ஒரு மீட்டர் வரை நீண்டு, காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் காலைக் குளத்தில் வைப்பார், புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண் உள்ளவரைக் குளத்தில் இறங்கவிடாதே, படிக்கிணற்றை மூடு என்பதோடு சரி. அதை வைத்தே இந்தியா ஜெயித்தது. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000-இல். உலக அளவில் 1986-இல் சுமார் 35 லட்சமாக இருந்த நோயாளிகள் 2024-இல் 15 பேர்.

ஆனால் அந்தப் பதினைந்து பூஜ்யமாக மறுக்கிறது. 2012-இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களின் காலில் அதே புழு வெளிவந்தது. பிறகு சில ஆண்டுகளில் பாதித்த நாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டின. ஆற்றங்கரையில் மீன் சுத்தம் செய்து வீசும் குடலை நாய்கள் தின்பதால் இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அதனால் மீன் குடலைப் புதைக்கவும், நாயைக் கட்டிவைக்கவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீடு என்று எண்ணி வகுத்த திட்டம், இரண்டாம் வீடு இருப்பது தெரிந்ததும் இழுபறியாகிவிட்டது.

மரவள்ளிப் பூச்சி ஆப்பிரிக்காவோடு நிற்கவில்லை. 2008-இல் தாய்லாந்தில் இறங்கியது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2010-இல் அந்நாட்டு விளைச்சல் கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அதே குளவியை வரவழைத்துத்தான் மீண்டார்கள். 2020 ஏப்ரலில் திருச்சூரில் தென்பட்டது. அங்கிருந்து சேலம், நாமக்கல், தருமபுரி என்று குச்சிக்கிழங்கு விளையும் மாவட்டங்களுக்குள் வர நாளாகவில்லை. குச்சியைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் அனுப்பும் வழக்கம் பூச்சிக்கு இலவசப் பயணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேரூன்றிய சேலம் ஜவ்வரிசித் தொழில் முழுக்க இந்தக் கிழங்கை நம்பி இருக்கிறது.

நமக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. மல்பெரிக்கு மருந்தடித்தால் பட்டுப்புழு செத்துவிடும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவிகள்தான் கை கொடுத்தன. இம்முறை பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெனினிலிருந்து லோபெசியைத் தருவித்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விட்டது.

குளவியை விட்ட கொல்லையில் பழக்கதோஷத்தில் மருந்தடித்தால், மாவுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சி தப்பும், பூச்சு இல்லாத குளவி சாகும். எறும்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சி கழிக்கும் தேன்துளிக்காக எறும்பு காவல் நின்று குளவியை விரட்டும். தாக்கிய கொழுந்தைக் கிள்ளிக் கொளுத்தச் சொல்வது சரியான யோசனைதான். கொளுத்தும் முன் ஒரு கொழுந்தை விரித்துப் பார்ப்பது நல்லது. இளஞ்சிவப்பாக, நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டினால் உயிருள்ள பூச்சி. பழுப்பாக, விறைப்பாக, நகத்தில் நொறுங்கினால் உள்ளே குளவி வளர்கிறது. ஓரத்தில் வட்டத் துளை தெரிந்தால் அது ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டது. பழுப்புக்கூடு நிறைய இருக்கும் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிடலாம்.

(தொடரும்)