உயிரணுவின் வடிவமும் நகர்வும்: ரோ குடும்பச் சைகைப் புரதங்களின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

உயிரணுவின் வடிவத்தையும் நகர்வையும் ரோ, ராக், சிடிசி42 ஆகிய சைகைப் புரதங்கள் நெறிப்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இப்புரதங்கள் உரிய இடத்தில் இயங்குவதைப் போலவே உரிய நேரத்தில் ஓய்வதும் இன்றியமையாதது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சைகைப் புரதம், ஆக்டின், தகட்டுப்பாதம், இழைப்பாதம், உயிரணு நகர்வு

முன்னுரை

உயிரணுவுக்கு எலும்பு இல்லை. ஆயினும் உருவம் உண்டு. அவ்வுருவைத் தாங்குவது உயிரணுச் சட்டகம். அதன் முதன்மைக் கூறாகிய ஆக்டின் இழைகள் ஒரு முனையில் வளர்ந்தும் மறுமுனையில் குறைந்தும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவை எங்கு, எப்போது வளர வேண்டும் என்பதை நெறிப்படுத்துவனவற்றுள் ரோ குடும்பப் புரதங்கள் தலையாயவை.

இருநிலை இயக்கம்

இப்புரதங்கள் குவானோசின் முப்பாஸ்பேட்டுடன் இணைந்திருக்கும்போது இயங்குகின்றன. இருபாஸ்பேட்டுடன் இணைந்திருக்கும்போது ஓய்கின்றன. இவ்விரு சேர்மங்களின் ஆங்கிலச் சுருக்கப்பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'ஜிடிபி' என ஒன்றாகிவிடும். வேறுபாடே பொருளாக உள்ள இடத்தில் அது பிழைக்கு வழிவகுக்கும் என்பதால், எண்ணடை பெற்ற பெயர்களே இங்கு ஆளப்பெறுகின்றன. பரிமாற்றக் காரணிகள் இருபாஸ்பேட்டை விடுவித்து முப்பாஸ்பேட் இணைய வழிசெய்கின்றன. வேறு சில புரதங்கள் முப்பாஸ்பேட்டின் நீராற்பகுப்பை விரைவுபடுத்தி இயக்கத்தை நிறுத்துகின்றன.

மூன்று புரதங்களும் மூன்று வடிவங்களும்

1992இல் இலண்டனில் ஆன் ரிட்லி, ஆலன் ஹால் ஆகியோர் எலியின் நாரிழை உயிரணுக்களில் இப்புரதங்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். ரோ புரதம் தடித்த இழுவிசை இழைகளையும், ராக் புரதம் உயிரணுவின் ஓரத்தில் அலை போன்ற மடிப்புகளையும் தோற்றுவித்தன. சிடிசி42 விரல் போன்ற இழைப்பாதங்களை உருவாக்குவது 1995இல் தெரியவந்தது.

நகரும் உயிரணுவில் இப்பணிகள் ஒருங்கிணைகின்றன. சிடிசி42 திசையை நிறுவ உதவுகிறது. முன்புறத்தில் ராக், ஆக்டின் இழைகளைக் கிளைக்கச் செய்து தகட்டுப்பாதத்தை முன்தள்ளுகிறது. பின்புறத்தில் ரோ, மயோசின் வழியாகச் சுருக்கத்தை உண்டாக்கி உடலை இழுக்கிறது. ராக், ரோ ஆகியவை பல சூழல்களில் ஒன்றையொன்று அடக்குவதால் முன், பின் என்னும் வேறுபாடு நிலைக்கிறது.

இயக்கம் தடைப்படும்போது

இரத்த வெள்ளணுக்களில் ராக்2 என்னும் புரதம் உள்ளது. அதன் 57ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிய நிலையில் பிறந்த குழந்தை ஒன்றின் நோய் 2000இல் விவரிக்கப்பட்டது. மாறிய புரதம் முப்பாஸ்பேட்டை ஏற்கவில்லை. இயல்பான ராக்2இன் பணியையும் அது தடுத்தது. குருதியில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் அவை தொற்றுள்ள இடத்தை அடையவில்லை. புண்களில் சீழும் தோன்றவில்லை. படை இருந்தும் களம் சேரவில்லை என்பதே அந்நோயின் சாரம்.

முடிவுரை

உயிரணுவின் வடிவம் அதன் செயலிலிருந்து பிரிக்கவியலாதது. ஒரு புரதம் உள்ளது என்பதால் மட்டும் அதன் பணி நிறைவேறுவதில்லை. இடமும் காலமும் பொருந்த அது இயங்கி ஓய வேண்டும். இந்நுண்வேறுபாடுகளை மயக்கமின்றி உணர்த்துவதே அறிவியல் தமிழில் கலைச்சொல்லாக்கத்தின் அளவுகோலாக அமைதல் வேண்டும்.