கல்லீரலின் வேலையைக் கட்டிக்குக் கற்பித்தவர்கள்

செஞ்சிச் சீமையில் அவலூர்பேட்டை முதலான ஊர்களில், தீராத தலைவலியும் வலிப்பும் ஒருவருக்குச் சேர்ந்து கண்டுவிட்டால், "வேலூருக்கே அழைத்துப் போய்விடலாம்" என்று பெரியவர்கள் முடிவு கட்டுவதுண்டு. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதை அறிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வியப்பளிக்காது.

ஆனால் கிளியோமா என்னும் மூளைக்கட்டி கத்திக்கு முழுதும் அடங்குவதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வெட்டியெடுத்த பின்னும் அதன் அணுக்கள் நல்ல மூளைக்குள் ஊடுருவி ஒளிந்திருக்க, அவற்றை மருந்தால் அழிக்கலாமென்றால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இயற்கை வைத்திருக்கும் தடுப்பு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தின் சங்கடமோ விசித்திரமானது: சரீரத்தில் ஏற்றும்போது அது விஷமன்று, கல்லீரலிலுள்ள சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிவகையே அதை விஷமாகப் பக்குவப்படுத்துகிறது, பக்குவமான பிறகு அது அந்தத் தடுப்பைத் தாண்டுவது அரிது.

அப்படியானால் அந்தப் பக்குவத்தைக் கட்டியே தனக்குத்தானே செய்துகொள்ளட்டுமே என்று எண்ணிய பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள், எலியின் கல்லீரல் நொதிக்குரிய மரபணுவை ஒரு ரெட்ரோவைரஸில் ஏற்றி, அவ்வைரஸை உற்பத்தி செய்யும் அணுக்களைச் சுண்டெலிகளின் மூளைக்கட்டிக்குள் வைத்து, மருந்தையும் செலுத்தி, கட்டி ஓரளவு சுருங்கக் கண்டு 1994-ல் பிரசுரித்தார்கள். இவ்வகை வைரஸ் பிளவுபட்டுப் பெருகும் அணுக்களிலேயே மரபணுவைப் பதிக்க வல்லது. முதிர்ந்த நரம்பணுக்கள் பிளவுபடுவதில்லையாதலால், எந்தப் பெருக்கத்தால் புற்றுநோய் நம்மை அழிக்கிறதோ அந்தப் பெருக்கமே அதற்கு வினையாகிறது. அணுவுக்குள் உண்டான விஷம் கசிந்து, மரபணு கிட்டாத அண்டை அணுக்களையும் மாய்த்துவிடுகிறது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்.

மனிதரிடத்தில் கதை வேறு. ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவைப் புகுத்திக் கான்சிகுளோவிர் கொடுக்கும் ஒன்றுவிட்ட சகோதர முறையை 248 நோயாளிகளிடம் பரீட்சித்து, 2000-ல் முடிவை வெளியிட்டபோது, ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. மரபணு போய்ச் சேர்ந்த அணுக்கள் மிகச் சொற்பம். இதற்கு மாறாக, வேலூர் வைத்தியர்கள் ஐந்து ஹீமோபிலியா நோயாளிகளின் இரத்த மூல அணுக்களை வெளியே எடுத்து, மரபணு ஏற்றித் திரும்பச் செலுத்தி வெற்றி கண்டதை 2024-ல் அறிவித்தார்கள். மூளைக்கட்டியில் அந்தச் சௌகரியம் ஏது? தானே பரவும் வைரஸை அனுப்பிப் பார்த்த பிந்திய பெருமுயற்சியும் 2019-ல் பலனின்றி முடிந்தது. ஆகவே இன்றைக்கும் இந்நோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும், தடுப்பைத் தாண்டவல்ல டெமோசோலமைடு மாத்திரையுமே பிரதான சிகிச்சையாக இருந்துவருகின்றன.