சுமை ஏறினால் தாங்குமா 12 வோல்ட்?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் வந்துவிட்டால், கரும்புக்கும் சின்ன வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்க மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரை நம்பியிருக்கும் வீடுகளில் குண்டு பல்பு மங்கும், ஃபேன் தளரும். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம், சிபியு பெட்டியின் மூலையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ். வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கையடக்கமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாகத் தருகிறது. தான் தரும் வோல்டேஜைத் தானே ஓயாமல் கவனிக்கவும் செய்கிறது. அது கொஞ்சம் இறங்கினால் ஒவ்வொரு வெட்டிலும் மின்சாரத்தைச் சற்று அதிக நேரம் விடும், ஏறினால் குறைத்துக்கொள்ளும்.

இந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. லைன் வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். எஸ்எம்பிஎஸ் அதிகமாக எடுக்கும். 230 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு 230 வோல்ட்டில் 1 ஆம்பியர் போதும் என்று வைத்துக்கொண்டால், 184 வோல்ட்டில் 1.25 ஆம்பியர் வேண்டும். கம்பித் தடையில் எழும் சூடோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். லோ வோல்டேஜ் நேரங்களில் திரை சலனமில்லாமல் இருக்க, பெட்டிக்குள் புழுக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் நலமாக இருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கம் வரை அனுமதி உண்டு: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் சுமார் 3.14 முதல் 3.46 வரை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பயன்படுத்தாமல் தொங்கும் நான்கு முனை கனெக்டரில் கறுப்பு முனையைக் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்தால் எண் வந்துவிடும். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசக்கூடாது.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஓடவிட்டு, 12.1 வந்ததும் நல்லது என்று திருப்பி மாட்டிவிடுகிறார்கள். வெறும் வண்டியை எந்த மாடும் இழுக்கும். அளக்க வேண்டியது கம்ப்யூட்டர் முழு மூச்சில் வேலை செய்யும்போது. பாரம் ஏறியதும் 12.1 என்பது 11.9 ஆனால் கவலையில்லை. 11.3-க்குச் சரிந்தால் அந்த எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவிட்டது. காரணம் தெரியாமல் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்குப் பல நேரங்களில் இதுவே மூலம்.

மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அது காட்டுவது சராசரியை. 12 வோல்ட்டின் மேல் படிந்திருக்கும் சிற்றலைகள் அதன் கண்ணில் படாது. அவை 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அளக்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அலைகளை அடக்குவது கப்பாசிட்டர்களின் வேலை. சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரக் கடைகளில், எஸ்எம்பிஎஸ் ஃபேனில் படியும் தூசி காற்றை அடைத்து இந்தச் சூட்டைத்தான் வளர்க்கிறது.

தூசியைக் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே ஊதி எடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.