மாட்டிய எழுத்தும் எடுக்காத போனும்

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரச் சாலைகள் என்று உப்புக்காற்று வீசும் எந்த ஊரிலும் கடை முகப்புகளை அண்ணாந்து பார்த்தால் இது கண்ணில் படும். பளபளவென்று மாட்டிய எஸ்.எஸ். எழுத்துகளின் அடியிலிருந்து பழுப்புக் கோடுகள் சுவரில் வழிந்திருக்கும். எழுத்தின் முகம் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். மடிப்பும் வெல்டிங்கும் உள்ள ஓரங்களில் மட்டும் துரு பூத்திருக்கும். "எஸ்.எஸ். துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க?" என்று கடைக்காரர் கேட்பார். கேள்வி நியாயமானது. பதில் அந்தத் தகட்டின் கலவையில் இருக்கிறது.

எஸ்.எஸ். எனும் எவர்சில்வரைத் துருவிடமிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம். அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உலோகத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கடற்காற்றில் வரும் குளோரைடு இந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கக்கூடியது. துளையைத் தாங்கும் திறன் கலவைக்குக் கலவை மாறும். 304 ரகத்தில் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 316 ரகத்தில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேரும். கடலோரத்துக்கு அதைப் பரிந்துரைப்பது அந்த மாலிப்டினத்துக்காகத்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால் 202 ரகத்தில் அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள். இன்னும் மலிவான 200 வரிசைத் தகடுகளில் நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். குரோமியமும் குறையும்.

கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊரில் பழக்கம். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று நம்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனை இங்கே உதவாது. 202, 304, 316 மூன்றும் ஒரே வகைப் படிக அமைப்பு கொண்டவை, மூன்றிலும் காந்தம் சரியாக ஒட்டாது. நல்ல 304 தகட்டிலும் வளைத்த மூலையில் லேசாக ஒட்டும். பழைய இரும்பு வியாபாரிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தகட்டில் ஒரு சொட்டுச் சோதனைத் திரவத்தை விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, சொட்டு எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்ப்பார்கள். மாங்கனீசு அதிகமுள்ள தகடு அதில் மாட்டிக்கொள்ளும். சில நொடிகளில் முடிகிற இந்தச் சோதனையை எழுத்து வாங்கும் இடத்தில் யாரும் செய்வதில்லை.

அக்ரிலிக் எழுத்தின் கதை வேறு. அதற்குத் துரு கிடையாது, ஆனால் வெயிலில் நீளும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 0.07 மில்லிமீட்டர் நீள்கிறது, அலுமினியம் 0.023 மில்லிமீட்டர்தான். விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் இரண்டு மீட்டர் அக்ரிலிக் முகப்பு, மேற்கு வெயில் நேரே விழும் பிற்பகலில் 65 டிகிரியைத் தொட்டால் 5.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். பின்னால் உள்ள அலுமினியச் சட்டம் 1.8 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மீதியுள்ள கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர் எங்கே போகும்? ஸ்க்ரூ துளையை ஸ்க்ரூவின் அளவுக்கே போட்டு இறுக முடுக்கியிருந்தால், துளையைச் சுற்றி விரிசலாக வெளியே வரும். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வாஷர் வைப்பதற்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

விரிசல் இன்னொரு வழியிலும் வரும். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரம் உருகி இறுகுவதால் உள்ளுக்குள் ஒரு இழுவிசை தங்கிவிடும். அந்த ஓரத்தைத் துடைக்க ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால், முடி முடியாக நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் ஓடும். உருளையில் இழுத்துச் செய்யும் மலிவு ஷீட்டில் இது அதிகம், வார்த்துச் செய்த ஷீட்டில் குறைவு. வெட்டிய எழுத்தை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆற விட்டால் அந்த இழுவிசை தளர்ந்துவிடும். அவசர ஆர்டரில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான்.

தமிழ் எழுத்துக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஸ்டோர்ஸ்' என்று ஒரு பலகையில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது ஆறு துண்டு. தமிழிலும் கொம்பு, காலோடு சேர்த்து ஆறு துண்டுதான், அதற்கு மேல் மூன்று புள்ளிகள். ஆங்கிலத்தில் சிறிய ஐ, ஜே இரண்டுக்கு மட்டுமே வரும் தலைவலி நமக்கு எல்லா மெய்யெழுத்துக்கும் இருக்கிறது. பெரிய எழுத்தை நான்கைந்து இடத்தில் தாங்கிப் பிடிக்கலாம். கையகலப் புள்ளியை ஒரே ஒரு கம்பியிலோ வெறும் பசையிலோ ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். உடனே ஒட்டும் பசை இறுகினால் நெகிழ்வு போய்விடும். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால் விட்டுவிடும். போதாததற்கு அந்தப் பசையின் ஆவி பளபளப்பான பரப்பில் வெள்ளைப் புகையாகப் படிந்து, துடைத்தாலும் போகாது. தமிழ்நாட்டுப் பலகைகளில் புள்ளி இல்லாத மெய்யெழுத்துகள் இத்தனை கண்ணில் படுவதற்கு எழுதியவரின் பிழை காரணமல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கம்பி, ஒளிரும் எழுத்தானால் தனி ஒயர்த்துளை என்று வரைபடத்திலேயே குறித்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஒளிரும் எழுத்தில் புகார்கள் பல. முதல் எழுத்து பிரகாசம், கடைசி எழுத்து மங்கல் என்பது அடிக்கடி வருவது. இது எல்.இ.டி.யின் குற்றமே அல்ல. 12 வோல்ட் மின்சாரம் 5 ஆம்பியர் அளவில், ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் பத்து மீட்டர் போய்த் திரும்பினால் வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். கடைசி எழுத்துக்குக் கிடைப்பது பத்தேகால் வோல்ட்தான். தடித்த ஒயர் போடலாம், அல்லது இரு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்கலாம். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் எல்.இ.டி. மாட்யூலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

அடுத்தது நிறம். வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.; அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள்தான் வெளிச்சத்தை வெள்ளையாக்குகிறது. அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். பூச்சு ஒரு நூலிழை கூடினாலும் குறைந்தாலும் வெள்ளை மஞ்சளாகச் சாயும், நீலமாகச் சாயும். அதனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு எல்.இ.டி.யையும் அளந்து நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். மனிதக் கண் எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் என்பதை டேவிட் மக்ஆடம் 1942இல் அளந்து வைத்த படிகளே இதற்கு இன்றும் அடிப்படை. மூன்று படிக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. அதைத் தாண்டினால், ஒரே பெயரில் இரண்டு எழுத்து பால் வெள்ளையாகவும் மூன்றாவது மங்கிய மஞ்சளாகவும் நிற்கும்.

உள்ளே நடக்கும் வேதியியல் இன்னும் நுட்பமானது. தண்ணீர் போகக் கூடாது என்று எழுத்தின் விளிம்பெல்லாம் சிலிகான் பூசுவார்கள். மலிவு சிலிகான் இறுகும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலமேதான். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பையும், எல்.இ.டி.க்குள் ஒளியைப் பிரதிபலிக்கும் வெள்ளிப் பூச்சையும் அரிக்கக்கூடும். நியூட்ரல் வகை சிலிகானில் இந்த அமிலம் இல்லை. முழுக்க அடைப்பதும் தவறு. பகலில் சூடேறி வெளியேறிய காற்று இரவில் குளிரும்போது ஈரத்தோடு உள்ளே இழுபடும், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். ஒவ்வொரு எழுத்தின் அடிப்பக்கத்திலும் ஒரு சிறு வடிதுளை வேண்டும். பவர் சப்ளைக்கு எதிரி வெப்பம்: அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும். 45 டிகிரியில் நிழலில் இருக்க வேண்டியதைக் காற்றோட்டமில்லாத தகரப் பெட்டியில் 65 டிகிரியில் வைத்தால் ஆயுள் கால் பங்குதான்.

இத்தனையும் தெரிந்த சங்கதிகள். பிறகு ஏன் மோசமான எழுத்தே சந்தையை நிரப்புகிறது? இதற்கு விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. 1970இல் ஜார்ஜ் அகெர்லோஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒன்றைக் காட்டினார். விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலையில் நல்ல சரக்கு கட்டுப்படியாகாமல் வெளியேறும், மட்டமானது மிஞ்சும். இந்த ஆய்வுக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெயர்ப்பலகைத் தொழிலுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. 316 தகடு, வார்த்த ஷீட், நியூட்ரல் சிலிகான், தடித்த ஒயர் என்று எல்லாம் சேர்த்துக் கொட்டேஷன் கொடுப்பவர், இவை எதுவும் இல்லாமல் 'எஸ்.எஸ். எல்.இ.டி. லெட்டர்' என்று ஒரு வரியில் கொடுப்பவரிடம் தோற்றுவிடுகிறார்.

மட்டமான எழுத்து முதல் மழைக்குப் பிறகுதான் தன்னைக் காட்டுகிறது. அதற்குள் முழுப் பணமும் போயிருக்கும். போன் செய்தால் "ஆள் அனுப்புறேன் சார்" என்பார்கள். அப்புறம் அதுவும் இல்லை. இந்த மௌனத்துக்கு அலட்சியம் ஒரு காரணம், ஆனால் ஒரே காரணமல்ல. பலகை மாட்டியவர் வேறு, எழுத்தை வெட்டி வளைத்த பட்டறை வேறு, மாட்யூல் விற்ற மொத்த வியாபாரி வேறு. மாட்யூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்திருக்கும். எந்தத் தகடு, எந்த பேட்ச், எந்த நிறவகை என்று யாரிடமும் பதிவு இருக்காது. கேள்விக்குப் பதில் பலகை மாட்டியவரிடமே இல்லை. அதனால்தான் ஒரு சப்ளையர் எவ்வளவு சீக்கிரம் போனை எடுக்கிறார் என்பதைவிட, எடுத்ததும் பேட்ச் எண்ணைச் சொல்ல முடிகிறதா என்பதே பெரிய கேள்வி. பதிவு வைத்திருப்பவர் ஒருநாளில் சரியான மாட்யூலை அனுப்புவார். வைத்திருக்காதவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கையில் கிடைத்ததைத்தான் அனுப்புவார்.

கொஞ்ச காலத்துக்கென்று செய்த எழுத்தை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஹாலிவுட் மலையில் இருக்கிறது. 1923இல் வீட்டுமனை விளம்பரத்துக்காக 'ஹாலிவுட்லேண்ட்' என்று நட்ட அந்த எழுத்துகள் ஒன்றரை வருடம் நின்றால் போதும் என்று மரக்கம்பமும் தகரமும் வைத்துச் செய்யப்பட்டவை. 1949இல் 'லேண்ட்' நீக்கப்பட்டது, மீதி பழுதுபார்க்கப்பட்டது. எழுபதுகளில் முதல் 'ஓ'வின் மேல்பகுதி உடைந்து விழுந்தது, கடைசி 'ஓ' மொத்தமாகச் சரிந்தது. 1978இல் ஒன்பது பேர் ஆளுக்கோர் எழுத்துக்குப் பணம் கொடுக்க, 45 அடி உயரத்தில் எஃகில், கான்கிரீட் அடித்தளத்தோடு கட்டினார்கள். இன்று நிற்பது அதுதான்.

ஆகவே கொட்டேஷனிலேயே கேட்க வேண்டியவை உண்டு. தகட்டின் ரகம் 304ஆ 316ஆ. தகட்டின் மேல் பூச்சு என்றால் 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர் மூடுபனிச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது. ஷீட் வார்த்ததா இழுத்ததா. பவர் சப்ளையை ஏணி வைத்து எளிதாகக் கழற்ற முடியுமா. மாட்யூல் மட்டும் அதே பேட்சில் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிக் கடையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வருடம் கழித்து அதே வெள்ளை எங்கும் கிடைக்காது. வெயிலில் மங்கிய வரிசையில் ஒரே ஒரு புது எழுத்தை மாட்டினால், வண்ண எண் சரியாக இருந்தும் அதுதான் தப்பாகத் தெரியும். மாற்றுவதானால் முழுச் சொல்லையும் மாற்றச் சொல்லலாம். கட்டட வேலையில் பில்லில் ஒரு பகுதியைக் குறைபாட்டுக் காலம் முடியும்வரை பிடித்துவைப்பது வழக்கம். பலகை வேலையிலும் அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையில்லை.

புகாரும் புகாராக இருக்க வேண்டும். "லைட் எரியல" என்ற ஒரு குறுஞ்செய்தியை வைத்து எந்தப் பட்டறைக்காரராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம், எந்த எழுத்து, அந்த எழுத்தில் மீட்டர் காட்டும் வோல்ட், மழைக்கு முன்பா பின்பா என்று அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கிய பொருளை இந்தச் சட்டம் பொதுவாக ஏற்காது. ஆனால் சொந்தமாகத் தொழில் செய்து அதை வைத்தே பிழைப்பவர் தன் பிழைப்புக்கென்று மட்டும் வாங்கிய பொருளுக்கு விலக்கு தந்திருக்கிறது. தெருமுனையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர் இந்த விலக்கைக் கோரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலவரம்பு, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். கொட்டேஷனும் பில்லும் தேதியோடு எடுத்த படங்களும் அதுவரை பத்திரமாக இருக்க வேண்டும்.