சிங்கம் பார்க்கப் போறீங்களா? கொசுவுக்கும் ஒரு கணக்கு எழுதுங்க!

வில்லியனூரில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்திருந்தார். நோய் ஒன்றும் இல்லை. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

“ஐயா, பசங்க ரெண்டு பேரும் ஆப்பிரிக்கா போய் காட்டுல சிங்கம், யானை பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்கிறாங்க. என் மச்சான் நைரோபியில வேலையா இருக்கார். அஞ்சு வருஷமா சீட்டு கட்டி சேர்த்திருக்கோம். இருந்தாலும் பட்ஜெட் இடிக்குது. ஊசி, மாத்திரைச் செலவை எடுத்துட்டு, உங்க நிலவேம்புக் குடிநீரையே குடிச்சிட்டுப் போயிடலாமா?”

சித்த வைத்தியனிடம் இப்படிக் கேட்டால் சந்தோஷப்பட்டுத் தலையாட்டுவான் என்று நினைத்தாரோ என்னவோ! நான் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். குறைக்க வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவர் குறைக்க நினைத்த இடம் மட்டும் தப்பு.

முதலில் தேதி. அவர் கென்யா நாட்டின் மசாய் மாரா காட்டுக்கு ஜூலையில் போவதாக எழுதியிருந்தார். அங்கே வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி - ஜூன் மாதங்களில் நாளுக்கு 100 டாலர், ஜூலை - டிசம்பரில் 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு எப்போதும் 50. ஆசிரியர் வீட்டில் அவர், மனைவி, அம்மா, 14 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள். மூன்று நாளைக்கு ஜூனில் 1,200 டாலர், ஜூலையில் 2,100 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மட்டும் 81,000 ரூபாய்!

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற மான்கள் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டும் காட்சி அங்கே பிரசித்தம். அதைத்தான் பார்த்தாக வேண்டும் என்றால் கொடுக்க வேண்டியதுதான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கிக்கு மாதக் கணக்கு கிடையாது. வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கும். நம் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறை அங்கே மழைக்காலம். வண்டி சேற்றில் மாட்டும். மே கடைசியில் மழை குறையும். அதனால் மே கடைசி வாரம் கிளம்பி ஜூன் முதல் வாரம் திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு மூன்று நாள் லீவு சொல்வதோடு போகும்.

இன்னொன்று. கட்டணம் பகல் 12 மணி நேரத்துக்குத்தான். கிளம்பும் நாளன்று காலை 10 மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் கேட்பார்கள். கடைசி நாள் காலையில் சாவகாசமாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு சாலை வழியே ஐந்தாறு மணி நேரம். குட்டி விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் காசும் அதிகம், ஆளுக்கு 15 கிலோ சாமான்தான் ஏற்றுவார்கள். இடுப்பு வலிக்காரர்கள் இல்லாத குடும்பம் வண்டியிலேயே போகலாம். நைரோபி ஊரை ஒட்டியே 1946-ல் அமைத்த தேசியப் பூங்கா இருக்கிறது. யானை கிடையாது, சிங்கம், காண்டாமிருகம் உண்டு. அரை நாள் அங்கே சுற்றினால் மாராவில் ஒரு நாளைக் குறைக்கலாம்.

சாப்பாட்டுக்கு அரிசி, குக்கர் தூக்கிப் போக வேண்டியதில்லை. ஆங்கிலேயர் 1896-ல் ரயில் பாதை போட ஆரம்பித்தபோது நம் நாட்டு ஆட்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். இன்றைக்கும் சப்பாத்தியும் சமோசாவும் கென்யாக்காரர்களின் சொந்தச் சாப்பாடு மாதிரி! ஆனால் பருப்புப் பொடியையோ துணியையோ கேரி பேகில் சுற்றாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்கு அங்கே தடை, கடுமையான அபராதம். 2020 முதல் காட்டுக்குள் தண்ணீர் பாட்டிலும் கூடாது. நம் மஞ்சப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும். சூரணத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போவதும் வம்பு. லேபிள் ஒட்டிய, சீல் உடைக்காத டப்பாவும் மருந்துச் சீட்டும் இருக்கட்டும்.

இப்போது ஊசிக்கு வருவோம். “கென்யாவுல மஞ்சக்காய்ச்சல் ஊசி சர்ட்டிபிகேட் கேட்கிறதில்லையாம், டிராவல்ஸ்காரர் சொன்னார்” என்றார் ஆசிரியர். நம் நாட்டிலிருந்து நேராகப் போகிறவரைக் கேட்பதில்லை, உண்மைதான். கேட்பது திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில்! இங்கே ஏடிஸ் கொசு ஊருக்கு ஊர் இருக்கிறது. மஞ்சக்காய்ச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. ஒருவர் கொண்டுவந்துவிட்டால் அவ்வளவுதான். அதனால்தான் கென்யாவிலிருந்து வருகிறவரிடம் சர்ட்டிபிகேட் இல்லையென்றால் 6 நாள் வரை தனியே அடைத்து வைப்பார்கள். (இது நாம் காமாலை என்று சொல்கிற மஞ்சள் நோய் அல்ல. கீழாநெல்லிக்குக் கட்டுப்படாது.)

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சர்ட்டிபிகேட் செல்லும். 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டாலே ஆயுளுக்கும் போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு, பாஸ்போர்ட் இரண்டும் வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் ஒரு மாதம் முன்னாடியே போய் வாருங்கள்.

ஆசிரியரின் அம்மாவுக்கு 68 வயது. அங்கேதான் யோசனை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயது தாண்டியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரியவர்களோடுதான் போக வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவில் பிலனெஸ்பெர்க் காடு இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலேரியா இல்லாத பகுதி. மஞ்சக்காய்ச்சல் ஊசியும் தேவைப்படாது.

மலேரியாவுக்கு ஊசியல்ல, மாத்திரை. எங்கள் சித்த நூல்களில் சுரம் அறுபத்து நான்கு வகை. முறை வைத்து வரும் குளிர்சுரத்தை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நிலவேம்புக் குடிநீர் மேல் எனக்கு உள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததல்ல. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் அரசே வழங்கியது. ஆனால் ஆப்பிரிக்காவின் பால்சிபாரம் மலேரியா நாலைந்து நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. அதைத் தடுக்கும் என்று சொல்லி நிலவேம்பைக் கொடுத்தால் நான் செய்வது பாவம். அந்தக் காலத்து குளோரோகுயின் மாத்திரையும் அங்கே எடுபடாது. டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்துத் தினமும், திரும்பி வந்தும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். 8 வயதுக்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. வேறு மாத்திரைகளும் உண்டு. யாருக்கு எது என்பதை எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. முழுக்கை சட்டை, கொசு விரட்டிக் களிம்பு, கொசுவலை மூன்றும் வேண்டும். வேப்பிலை, நொச்சிப் புகை நம் திண்ணையோடு இருக்கட்டும். கூடாரத்துக்குள் மூட்டினால் மூச்சு முட்டும். கருநீலம், கறுப்புத் துணியை ட்செட்சி என்ற ஈ தேடி வந்து கடிக்கும். வெளிறிய காக்கி நிறமே நல்லது.

ஜீப்பில் ஏறினால் கண்ட இடத்தில் இறங்க முடியாது. ‘பாத்ரூம் வந்துட்டா என்ன பண்றது’ என்று நம் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு நிச்சயம். இறங்க அனுமதியுள்ள இடங்களை ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தைரியமாகக் குடியுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கே கிளம்புவதால் சர்க்கரைக்காரர்கள் கையில் பிஸ்கெட், பொரிகடலை வைத்திருக்க வேண்டும். மாத்திரை, இன்சுலின் கைப்பையில்தான். வாந்திக்கு உப்பு நார்த்தங்காய், மலச்சிக்கலுக்கு திரிபலா சூரணம். இங்கேதான் நம் வைத்தியத்துக்கு வேலை! ஸ்வெட்டரும் அவசியம், காட்டில் விடியற்காலை நல்ல குளிர்.

பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடக்கமா என்று படித்துப் பாருங்கள். பைனாகுலர் வாங்கினால், கிளம்புவதற்கு முன் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ பறவைகளைப் பார்த்துப் பிள்ளைகள் பழகட்டும். முதல் சிங்கத்தின் முன்னால் திருகிக்கொண்டிருக்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு, மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக “ஆப்பிரிக்கா போய் வந்தேன்” என்று சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாகூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். காய்ச்சல் கண்டதும் வீட்டில் நாலு நாள் கஷாயம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது கண் மஞ்சள், பேச்சு குழறல். எங்கே போயிருந்தார் என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும் நாடி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பதினோரு நாள் படுக்கையில் கிடந்து பிழைத்து வந்தார்.