அறிவுரையும் அதன் விலையும்: பண்டித ரமாபாயின் வாழ்விலிருந்து

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை, தவுண்டு சந்திப்பை அடையுமுன் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைக் கடந்து செல்கிறது. விரைவு வண்டியில் ஊருக்குப் புறப்படும் நம்மவருள் பெரும்பாலோர் அந்தப் பெயர்ப்பலகையைக் கவனிப்பதில்லை. அவ்வூரிலேதான் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி இல்லம் இருக்கிறது. கல்வியாலும் தொண்டாலும் புகழ்பெற்ற அந்த அம்மையாரின் வாழ்க்கையில், அயல் மாநிலங்களில் வாழும் நம்மைத் தொடும் ஒரு செய்தியை மட்டும் இங்கே ஆராய்வோம். தம் சமயத்தாரே கூறிய அறிவுரைகளை அவர் எவ்வாறு எடைபோட்டார் என்பதே அது.

பிறந்த மண்ணைவிட்டு வந்த நம்மிடையே உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் சபையே சுற்றமாகிறது. வேலையை மாற்றலாமா, மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்ப்பது, பிள்ளைகள் எந்த மொழி ஆராதனைக்குச் செல்வது என எதற்கும் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் ஆலய வாசலிலேயே அறிவுரை கிடைத்துவிடும். அது அன்போடு வருவதால் மறுப்பது கடினம். இறைவன் பெயரால் வருவதால் ஆராய்ந்து பார்ப்பதே அவபக்தியோ என்ற அச்சமும் எழுகிறது. இச்சிக்கல் புதியதன்று. எருசலேமுக்குப் போகவேண்டாமென்று செசரியா ஊரில் நண்பர்கள் கண்ணீரோடு வேண்டியபோதும் பவுல் அப்போஸ்தலர் போனதையும், சென்ற இடத்தில் விலங்கு பூட்டப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த நண்பர்கள் சொன்ன ஆபத்து மெய்யானதே. ஆயினும் போகாதிருப்பது கடமை என்று அதனால் ஆகிவிடவில்லை.

ரமாபாய் 1858இல் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தவர். தாயார் மகளுக்குக் கற்பித்தார். தலந்தோறும் புராணம் படித்துத் திரிந்த அக்குடும்பம், அந்நாளைய சென்னை மாகாணத்தில் பஞ்சத்துக்கு இரையாயிற்று. பெற்றோரை இழந்த ரமாபாய் தமையனோடு நடந்தே வடக்கே சென்று, 1878இல் கல்கத்தாவில் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைப் பெற்றார். 1880இல் மணம் செய்துகொண்டார், 1882இல் கைம்பெண்ணானார். மறு ஆண்டு மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு, கைக்குழந்தை மனோரமாவுடன் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்ததால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை. ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் இருந்த வாண்டேஜ் என்னும் ஊரில், 1883 செப்டம்பர் 29ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

அறிவுரைகள் அதன் பிறகே பெருகின. ரமாபாய் புலால் உண்பதில்லை. இது சாதிச் செருக்கின் மிச்சம் என்று அவருடைய ஞானத்தாயாகிய ஜெரால்டின் அம்மையார் ஐயுற்றார். அணியத் தந்த சிலுவையில் இலத்தீன் எழுத்துகள் இருந்தன. வடமொழி ஏன் கூடாது என்று ரமாபாய் வினவினார். இவை சிறியவை போலத் தோன்றலாம். ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கும் இங்கிலாந்தின் வழக்கத்தைப் பின்பற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் இத்தகைய சிறு பொருள்களிலேதான் முதலில் பிரித்துப் பார்த்தார்.

பெரிய வழக்கு செல்டனம் நகரில் எழுந்தது. அங்கே மகளிர் கல்லூரித் தலைவியாக இருந்த டாரத்தியா பீல் அம்மையார், ரமாபாய் இளைஞர்களுக்கும் இந்திய மொழி கற்பிக்கலாம் எனக் கருதினார். லாகூர் அத்தியட்சரும் பம்பாய் அத்தியட்சரும் அது தகாது என்றனர். ஆடவருக்குக் கற்பித்த பெண் என்ற பெயர் ஏற்பட்டால், தாய்நாடு திரும்பியபின் அவருடைய சொல்லுக்கு மதிப்பிராது என்பது அவர்கள் வாதம். அவர்கள் இந்தியாவில் பணியாற்றியவர்கள். அனுபவமில்லாதோர் என்று தள்ளிவிட முடியாது. ரமாபாயோ, தம் தாயும் தாமும் ஆடவருக்குக் கற்பித்ததைத் தந்தையோ கணவரோ தடுத்ததில்லை என்று சுட்டிக்காட்டினார். ஒரு குருகுலத்தின் நுகத்தடியை அரும்பாடுபட்டு இறக்கிவைத்த தாம், குருமார் சொல்வதெல்லாம் இறைவன் கட்டளை என ஏற்று மற்றொரு நுகத்தடிக்குக் கழுத்து நீட்டுவதற்கில்லை என்ற கருத்துப்பட 1885இல் ஜெரால்டின் அம்மையாருக்கு எழுதினார்.

இதனை வெறும் பிடிவாதம் என்று கொள்ளலாகாது. திரித்துவம் முதலிய கோட்பாடுகளில் தமக்கிருந்த ஐயங்களை அவர் மறைக்காமல் எழுதினார், மறுமொழிகளைப் படித்தார், மீண்டும் வினவினார். கேள்வி கேட்க இடந்தந்த பீல் அம்மையாரிடமிருந்து மிகுதியாகக் கற்றுக்கொண்டார். விளக்கம் தந்த அறிவுரைக்கு அவர் செவி எப்போதும் திறந்திருந்தது; கட்டளையாக வந்ததற்கே தயங்கிற்று. இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டுமா என்று சில கடிதங்களைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவதும் உண்டு. உற்றாரற்ற அயல்நாட்டில், பிறர் ஆதரவில் குழந்தையோடு வாழ்ந்த இளம் பெண் அவற்றை எழுதினார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

விலை கொடுக்கவேண்டிய நாள் இந்தியாவிலே வந்தது. அமெரிக்க நண்பர்கள் திரட்டிய பொருளைக் கொண்டு, 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் திறந்தார். மறு ஆண்டு அது புனேக்கு மாறியது. அங்கே சமய போதனை கிடையாது. மாணவியர் தத்தம் ஆசாரப்படி வாழலாம் என்பது ஏற்பாடு. கிறிஸ்துவை மறைத்துவைக்கும் பள்ளி எதற்கு என்று கிறிஸ்தவருள் பலர் குறைகூறினர். ரமாபாய் விதியை மாற்றவில்லை. ஆனால் தாம் மகளோடு செபிக்கும்போது அறைக்கதவைச் சாத்தவும் அவர் இசையவில்லை. திறந்த கதவின் வழியே மாணவியர் சிலர் வந்து அமர்ந்தனர். அதனை அறிந்த புனே நகரத்தார் கொதித்தெழுந்தனர். திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது. 1893இல் ரானடே, பண்டார்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இருபதுக்கு மேற்பட்ட மாணவியரை உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர்.

கதவைச் சாத்தியிருந்தால் மாணவியர் நிலைத்திருப்பர். வெளிப்படையாகப் போதித்திருந்தால் சபையாரின் புகழ் கிடைத்திருக்கும். இரண்டையும் விடுத்ததால் இருபுறத்தாரின் மனக்கசப்பும் அவரைச் சேர்ந்தது. விலகியவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நடுநிலை என்று நம்பிப் பெண்களை அனுப்பியவர்கள் அவர்கள். சதனத்தின் முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாயை அதே ஆண்டில் மணந்த கார்வே, 1896இல் புனேயில் கைம்பெண்களுக்கென வேறோர் இல்லம் தொடங்கினார். அவ்வழியாக 1916இல் மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றியது. ரமாபாயின் நட்டம் நாட்டுக்கு நட்டமாகவில்லை.

அவரும் ஓய்ந்துவிடவில்லை. கேட்காவில் நிலம் வாங்கினார். 1896, 1897 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பெண்களை அழைத்துவந்தார். தம் பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்தவருக்கு அந்தப் பசியின் முகம் தெரியாததன்று. அங்கே தம் சமயத்தை அவர் வெளிப்படையாகவே கற்பித்தார். எபிரேய, கிரேக்க மொழிகளைப் பயின்று, எளிய மராத்தியில் வேதாகமம் முழுவதையும் பெயர்த்தார்; முக்தி இல்லத்துப் பெண்களே அதனை அச்சிட்டனர். பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் பரவலாக வழங்கவில்லை. 1921இல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் தாயும் மறைந்தார்.

வாண்டேஜுக்கும் அவருக்கும் நடந்த இந்த வாதங்கள் நமக்குத் தெரிவது கடிதங்கள் எஞ்சியதால்தான். தம் அறிவுரையை மறுத்து எழுதப்பட்ட அக்கடிதங்களைக் கிழித்தெறியாமல், ஒழுங்குபடுத்தித் தொகுத்து வைத்தவர் ஜெரால்டின் அம்மையாரே. 1977இல் அவை நூலாக வெளிவந்தன.